கூகுளாண்டவர் துணை

ஒரு முனைவர் பட்ட ஆய்வேட்டின் தரத்தை அறிய அதன் ஐந்து இயல்களையும் படிக்க வேண்டியதில்லை. நேரே கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். முதன்மை நூல்கள், துணைநூல்கள், அகராதிகள், இதழ்கள் என்று வரிசையாக வந்து ‘இணையதளங்கள்’ என்ற தலைப்பில் போய் நிற்கும். அதன் கீழே மூன்று வரி. கூகுள் டாட் காம். விக்கிப்பீடியா டாட் ஆர்க். யூடியூப் டாட் காம். முடிந்தது. எந்தக் கட்டுரை, யார் எழுதியது, என்றைக்குப் பார்த்தது, அதிலிருந்து எதை எடுத்தார் என்று ஒரு தகவலும் கிடையாது. ‘ஆதாரம்: கன்னிமாரா நூலகம்’ என்று எழுதிவிட்டுப் போவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? கன்னிமாராவாவது எழும்பூரில் இருக்கிறது, போய்த் தேடலாம்.

இப்படிப்பட்ட ஏட்டில் நெறியாளர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். புறத்தேர்வாளர்கள் ‘கடின உழைப்பு பளிச்சிடுகிறது’ என்று அறிக்கை அனுப்பியிருக்கிறார்கள். வாய்மொழித் தேர்வன்று சால்வை, பூங்கொத்து, குழுப்படம், விருந்து எல்லாம் உண்டு. “கூகுளில் எந்தப் பக்கத்தில் அம்மா பார்த்தீர்கள்?” என்று கேட்கத்தான் அந்த அரங்கில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. பந்தி ஆறிவிடும் என்ற கவலை.

சான்று காட்டுவது மரியாதைக்காகச் செய்யும் சடங்கு என்று நம் துறைகளில் எவரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அது சடங்கே இல்லை. படிப்பவர் எழுந்து போய், நீங்கள் பார்த்ததைத் தானும் பார்த்து, “நீர் சொன்னது பொய்” என்று முகத்துக்கு நேரே சொல்ல விட்டுவைக்கும் வழி. அந்த வழியை அடைத்துவிட்டுப் பட்டம் வாங்குகிறவருக்குப் பெயர் ஆய்வாளரா?

பல்கலைக்கழக மானியக் குழு சும்மா இருக்கவில்லை. கருத்துத் திருட்டைத் தடுக்க 2018இல் ஒழுங்குமுறை கொண்டுவந்தது. ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை போனால் திருத்திய ஏட்டைத் தர ஓராண்டு தடை. அதையும் தாண்டினால் பதிவே ரத்து. நல்லது. ஆனால் ஒப்புமை பார்க்கும்போது துணைநூற்பட்டியலைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்றும் அதே ஒழுங்குமுறை சொல்கிறது. அதிலும் நியாயம் இருக்கிறது: இரண்டு பேர் ஒரே நூலைச் சுட்டினால் அது திருட்டாகாது. விளைவைப் பாருங்கள். மென்பொருள் அந்தப் பக்கங்களைத் தொடாது. மென்பொருள் தொடாததை நெறியாளர் ஏன் தொட வேண்டும்? ஆக, ஏட்டிலேயே பொய்க்கு முழுப் பாதுகாப்புள்ள இடம் உண்மைக்குச் சாட்சி சொல்ல வேண்டிய இடம்தான். விழுக்காட்டுச் சான்றிதழில் 8 என்று வந்துவிட்டால் போதும், அறிவு நாணயம் நிரூபணமாகிவிடும். அந்த எட்டைக் கொண்டுவரச் சொற்களை மாற்றிப் போட்டுத் தர, பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு செய்பவர்களும் இருக்கிறார்கள்.

நம்மவர்கள் மட்டும்தான் இப்படி என்று நினைத்து மனம் நோக வேண்டாம். எல்சவியர் என்ற பெரும் பதிப்பு நிறுவனம், சான்றுப் பட்டியல் எப்படி அமைய வேண்டும் என்று காட்ட ஒரு மாதிரிக் குறிப்பைக் கொடுத்து வைத்திருந்தது. வான் டெர் கீர் முதலியோர், ‘அறிவியல் கட்டுரை எழுதும் கலை’, 2000. அப்படியொரு கட்டுரை உலகத்தில் இல்லை, வெறும் மாதிரி. ஆனால் அதை ஏறக்குறைய 400 ஆய்வுக் கட்டுரைகள் சான்றாகக் காட்டியிருப்பது 2017இல் வெளிப்பட்டது. நிரப்பச் சொல்லித் தந்த படிவத்தில் ஏற்கெனவே இருந்ததை அழிக்கவும் அந்த மேதைகளுக்குக் கை வரவில்லை. பிறக்காத கட்டுரை ஒன்று 400 மேற்கோள் வாங்கியது; பிறந்த கட்டுரைகள் பல ஒன்றுக்கும் வழியின்றிக் கிடக்கின்றன.

விக்கிப்பீடியா கதை இன்னும் வேடிக்கை. 2008இல் அமெரிக்க மாணவர் ஒருவர் விளையாட்டாக, கோவாட்டி என்ற விலங்குக்குப் ‘பிரேசில் ஆர்ட்வார்க்’ என்றொரு பெயர் உண்டு என்று அதில் தட்டிவிட்டார். பத்திரிகைகள் அதைப் பார்த்து எழுதின. பிறகு அந்தப் பத்திரிகைகளில் ஒன்றே விக்கிப்பீடியாவில் அந்த வரிக்கு ஆதாரமாக வந்து உட்கார்ந்தது. பொய் ஒரு சுற்றுப் போய்ச் சான்றிதழோடு வீடு திரும்பியது.

சரி, முழு முகவரியையும் ஒழுங்காக எழுதுகிறவர் தப்பித்தாரா? அதுவும் இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் சுட்டப்பட்ட இணைப்புகளில் பாதி, குறிப்பிட்ட தகவலுக்குக் கொண்டுபோய் விடுவதில்லை என்று ஹார்வர்டு சட்டப் பள்ளி ஆய்வு 2014இல் சொன்னது. 2011இல் அதே நீதிமன்றத்தின் நீதிபதி அலிட்டோ ஒரு தீர்ப்பின் அடிக்குறிப்பில் காட்டிய முகவரி காலாவதியாக, அதை வேறு யாரோ வாங்கி, ‘இந்தப் பக்கத்தை நீங்கள் மேற்கோள் காட்டாதது நல்லதாயிற்று’ என்ற பொருளில் கேலி எழுதி வைத்தார்கள். 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டில் மறைந்துவிட்டதாகப் பியூ ஆய்வு மையம் கணக்கிட்டிருக்கிறது. ஜியோசிட்டீஸை யாகூ 2009இல் மூடியபோது தொடக்க காலத் தமிழ்ப் பக்கங்களும் அதோடு போயின. மிஞ்சிய பழைய பக்கங்கள் சில திஸ்கி, பாமினி என்ற பழைய குறியாக்கங்களில் எழுதப்பட்டவை. அவற்றுக்குரிய எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பேய் எழுத்துத்தான் வரும்.

மருந்து இல்லாமல் இல்லை, இலவசமாகவே கிடைக்கிறது. இணைய ஆவணகத்தின் வேபேக் மெஷினில் முகவரியைக் கொடுத்தால் அன்றைய பக்கத்தை அப்படியே சேமித்து, தேதியிட்ட நிலையான முகவரியைத் தருகிறது. 2001 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. ஆய்விதழ்க் கட்டுரை என்றால் பெரும்பாலும் டிஓஐ எண் இருக்கும். தளம் மாறினாலும் அது கட்டுரையிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆசிரியர், தலைப்பு, தளம், வெளியான நாள், பார்த்த நாள், முழு முகவரி, சேமித்த படி. இதை எழுத இரண்டு நிமிடம் ஆகும். ஐந்தாண்டு உதவித்தொகை வாங்கியவரிடம் இரண்டு நிமிடம் இருக்காதா?

இப்போது அந்த இரண்டு நிமிடத்தையும் சாட்ஜிபிடி மிச்சப்படுத்திவிட்டது. கேட்டால் பத்துச் சான்று தரும். ஆசிரியர், ஆண்டு, பக்க எண் என்று அத்தனை உறுப்பும் இருக்கும்; உயிர் மட்டும் இருக்காது. இப்படிக் கற்பித்துத் தந்த ஆறு தீர்ப்புகளை நியூயார்க் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 2023 ஜூனில் 5,000 டாலர் அபராதம் விழுந்தது. எதிர்த்தரப்பு தேடிப் பார்த்தது, கிடைக்கவில்லை, மாட்டிக்கொண்டார்கள். நம் ஆய்வேட்டுக்கு எதிர்த்தரப்பு யார்? நெறியாளர் மாணவரின் பக்கம். புறத்தேர்வாளர் நெறியாளரின் நண்பர். அடுத்த மாதம் அவருடைய மாணவருக்கு இவர் புறத்தேர்வாளர்.

கருத்துத் திருட்டு இல்லை என்று பல்கலைக்கழகத்துக்குச் சான்றளிப்பவர் நெறியாளர். எனவே மாணவரைத் திட்டிப் பயனில்லை. பேராசிரியப் பெருமக்களே, அடுத்த ஏடு மேசைக்கு வரும்போது அந்தக் கடைசிப் பட்டியலிலிருந்து ஏதேனும் ஐந்து முகவரிகளை உங்கள் கையாலேயே தட்டிப் பாருங்கள். திறக்கவில்லை என்றால், திறந்தும் அங்கே சொன்னது இல்லை என்றால், பேனாவை மூடி வையுங்கள். விருந்துக்கு ஆள் அனுப்பியிருந்தாலும் சரி.