சம்பளம் வந்துச்சாண்ணே?

தளவானூர்ப் பஞ்சபாண்டவர் மலையில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த கோயிலுக்குச் சத்ருமல்லேசுவரம் என்று பெயர். பகைவரோடு மல்லுக்கு நிற்பவன், சத்ருமல்லன். ராஜா தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பட்டங்களில் அதுவும் ஒன்று. ஆனால் 634-இல் பொறித்த ஐஹொளெ கல்வெட்டு வேறு கதை சொல்கிறது: இரண்டாம் புலிகேசியின் படை கிளப்பிய புழுதியில் பல்லவர் கோமான் மங்கிப்போய்க் காஞ்சி மதிலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாராம். இல்லவே இல்லை, புள்ளலூரில் பகைவர்களை மகேந்திரன் நொறுக்கினான் என்கிறது பல்லவர் செப்பேடு. ஆக இரண்டு ராஜாக்களுமே ஜெயித்திருக்கிறார்கள். தோற்றது, போய்ச் செத்த காலாட்கள் மட்டும்தான். அந்தப் படையில் கூலியும் கேட்காமல் சோறும் கேட்காமல் 1,400 வருஷமாகக் காவல் நிற்பவர்கள் தளவானூர்க் குகை வாசலில் இருக்கும் துவாரபாலகர்கள். அவர்கள் கல்.

பக்கத்துச் செஞ்சியில் நிலவரம் இன்னும் மோசம். செஞ்சி என்றாலே தேசிங்கு ராஜா, குதிரை, கண்ணீர், தெருக்கூத்து. 1714-இல் நடந்த அந்தச் சண்டையின் அடியைத் தோண்டினால் ஆற்காட்டு நவாபு கேட்ட கப்பப் பாக்கிதான் இருக்கும். அதைப் பாட்டில் வைத்தால் யார் அழுவார்கள்? போகட்டும், அது சீக்கிரம் முடிந்த சண்டை. சிப்பாயின் முழு வாழ்க்கையையும் பார்க்க வேண்டுமானால் அதற்கு முந்தைய முற்றுகைக்குப் போக வேண்டும்.

1689 கடைசியில், ஔரங்கசீப்பிடமிருந்து தப்பி, மாறுவேடம் போட்டுக்கொண்டு செஞ்சிக்கு வந்து சேர்ந்தார் சிவாஜியின் மகன் ராஜாராம். பின்னாலேயே 1690-இல் மொகலாயத் தளபதி சுல்பிகர் கான் பெரும்படையோடு வந்து இறங்கினார். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலை. மூன்றையும் இணைத்து ஊரை வளைக்கும் மதில். ராஜகிரியின் உச்சிக்குப் போவதற்குள் ஒரு பாறைப் பிளவு வேறு. மேலே இருப்பவர்கள் மரப்பாலத்தை இழுத்துவிட்டால், கீழே நிற்பவர் டில்லி பாதுஷாவே ஆனாலும் அண்ணாந்து பார்க்கத்தான் வேண்டும்.

அண்ணாந்து பார்த்தார்கள். எட்டு வருஷம்.

பதுங்குகுழியில் உட்கார்ந்திருந்த ஒரு கர்நாடகத் துப்பாக்கிக்காரனும் அவனுக்கு மூத்தவனும் பேசியிருக்கக்கூடியது இது. எந்த வரலாற்று ஏட்டிலும் வராது, நான்தான் எழுதுகிறேன்.

"இன்னாண்ணே, இன்னிக்காவது ஏறுவமா?"

"எங்க?"

"மலைக்குத்தான்."

"ஏறி?"

"கோட்டைய புடிக்கத்தான?"

"புடிச்சிட்டா சண்ட முடிஞ்சிரும்டா. முடிஞ்சா கானுக்கு இன்னா வேல? நாலு காத தூரத்துல இன்னொரு மலயக் காட்டி அங்க ஏறுன்னுவாங்க. இங்க நெழலாவது இருக்குது."

"சம்பளம் வந்துச்சாண்ணே?"

"மலய பாருடா."

இது என் குசும்பு மட்டும் அல்ல. அதே பாளையத்தில், தல்பத் ராவ் புந்தேலாவிடம் கணக்குப்பிள்ளையாக இருந்த பீம்சேன் பாரசீகத்தில் எழுதிய நினைவுக்குறிப்பும் இதையே சொல்கிறது: மனசு வைத்திருந்தால் சுல்பிகர் கான் வந்த அன்றே கோட்டையைப் பிடித்திருக்கலாம், ஆனால் வேலையை இழுத்தடிப்பது தளபதிகளின் வழக்கம். அரசாங்கக் கான்ட்ராக்டுக்கும் இந்த விளக்கம் பொருந்தினால் அதற்கு பீம்சேன் பொறுப்பல்ல.

1692 டிசம்பரில் கூத்து உச்சத்துக்குப் போனது. மராட்டியத் தளபதிகள் சந்தாஜியும் தனாஜியும் பெரும் குதிரைப்படையோடு வந்து முற்றுகை போட்டவர்களையே முற்றுகை போட்டார்கள். காஞ்சிபுரத்து மொகலாயப் பவுஜ்தார் அலி மர்தான் கான் பிடிபட்டார். பெரிய தொகையைக் கட்டிய பிறகுதான் விட்டார்கள். கானுக்கு மீட்புப் பணம் உண்டு. காலாளைப் பிடித்தால் துணியையும் துப்பாக்கியையும் உருவிக்கொண்டு துரத்துவார்கள்; அவன் தலைக்கு அதற்குமேல் விலை இல்லை.

பாளையத்தில் தானியம் நின்றுபோனது. தானியம் நின்றால் வதந்தி பெருகும்: ஔரங்கசீப் செத்துவிட்டாராம்! அதைக் கேட்ட இளவரசர் காம் பக்ஷ் என்ன செய்தார்? எதிரியான ராஜாராமோடு ரகசியமாகப் பேசி, குடும்பத்தோடு கோட்டைக்குள் ஓடிவிடத் திட்டம் போட்டார். சுல்பிகரும் அவர் அப்பா ஆசாத் கானும் பாதுஷாவின் பிள்ளையையே பிடித்து அடைத்துவைத்தார்கள். எதிரி மலைமேல் இருக்க, கீழே சொந்த இளவரசருக்குக் காவல் போட்ட படை அது. பிறகு பெரிய பீரங்கிகளைப் பாழாக்கிப் போட்டுவிட்டு, மராட்டியரிடம் பேரம் பேசி வழிவாங்கிக்கொண்டு, பட்டினியோடு வந்தவாசிக்கு நடந்தார்கள். நடந்தது சிப்பாய், பெரியவர்களுக்கு யானை.

இந்த யுத்த காலத்திலேயே குறிதவறாத ஒரே குண்டு வெள்ளைக்காரன் சுட்டது. 1690-இல் மராட்டியருக்குப் பணமுடை. தேவனாம்பட்டினத்துக் கோட்டையை இங்கிலீஷ் கம்பெனிக்கு விற்றார்கள். பீரங்கியால் சுட்டுக் குண்டு விழுகிற தூரம் வரைக்கும் நிலம் கம்பெனிக்கு என்று ஒப்பந்தம். மதராசிலிருந்து நல்ல பீரங்கியாகப் பார்த்துக் கொண்டுவந்து சுட்டார்கள். அதில் அகப்பட்ட ஊர்கள் குண்டு கிராமங்கள் ஆயின. ஓர் ஆள் சாகவில்லை, ஏக்கர் ஏக்கராக நிலம் வந்தது. செஞ்சியில் எட்டு வருஷம் சுட்டதை யாரும் அளக்கவில்லை.

சுல்பிகர் திரும்பி வந்தார், தஞ்சாவூருக்குப் போய்க் கப்பம் வசூலித்தார், மறுபடி முற்றுகை போட்டார். கையில் காசில்லாமல் சிப்பாய்ச் சம்பளம் பாக்கி விழுந்தது. இனியும் இழுத்தால் பாதுஷாவின் கோபம் தன் தலையில் விடியும் என்ற நிலை வந்த பிறகு, 1698 தொடக்கத்தில் திடீரென்று வீரம் வந்தது. புந்தேலாக்கள் மதிலேறிச் செத்துச் செத்துக் கோட்டையைப் பிடித்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் ராஜாராம் இல்லை. முன்பே வேலூர்ப் பக்கம் கிளம்பிவிட்டிருந்தார். அகப்பட்டது அவருடைய மனைவிமாரும் பிள்ளைகளும்.

சுல்பிகருக்கு நுஸ்ரத் ஜங் என்று ஒரு பட்டம் உண்டு. அதைவைத்துச் செஞ்சிக்கு நுஸ்ரத்கட் என்று புதுப்பெயர் சூட்டினார்கள். பட்டம் கானுக்கு, பெயர் கோட்டைக்கு, பாக்கி சிப்பாய்க்கு. விழுப்புரத்தில் பஸ் ஏறி நுஸ்ரத்கட்டுக்கு ஒரு டிக்கெட் கேட்டுப் பாருங்கள், கண்டக்டர் இறக்கிவிட்டுவிடுவார்.