உசாவல்

உப்புவெளியில் எங்கள் சின்ன வயதில் எவரும் ஆலோசனை பெற்றதில்லை. கேட்டார்கள், அவ்வளவுதான். சாதகப் பொருத்தம் என்றால் சாத்திரியாரிடம், நாரிப்பிடிப்பு என்றால் பரியாரியாரிடம், கடல் என்றால் கரைவலை வாடியில் இருந்த பெரியப்புவிடம்.

"அப்பு, இண்டைக்கு வலை வளைக்கலாமோ?"

பெரியப்பு லேசில் வாய் திறக்க மாட்டார். வெற்றிலையைத் துப்பிவிட்டு, முழங்கால் தண்ணீரில் இறங்கி, நீரோட்டம் காலை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்ப்பார். பிறகு வானம். பிறகு பறவைகள். "பொறு, கச்சான் கொஞ்சம் விழட்டும்" என்றால் அத்தனை பேரும் கயிற்றைப் போட்டுவிட்டு மணலில் குந்திவிடுவார்கள். அவர் சொல் பிழைத்த நாட்களும் உண்டு. அன்றைக்கு மற்றவர்களைப் போல அவருக்கும் பங்கில்லை.

இப்படிக் கேட்பதைப் பழந்தமிழ் உசாவுதல் என்றது. தொல்காப்பியர் உரியியலில் உசாவுக்குச் சூழ்ச்சி என்றே பொருள் சொல்கிறார். அந்நாளில் சூழ்ச்சி நல்ல சொல், கூடியிருந்து எண்ணுவது. வள்ளுவரும் வினைசெயல்வகையை அதைக் கொண்டுதான் தொடங்குகிறார். இன்றைக்குச் சூழ்ச்சி என்றால் பொலிஸுக்குப் போகவேண்டிய விஷயம். உசா மட்டும் எங்கள் நூலகங்களில் 'உசாத்துணைப் பகுதி' என்ற பலகையின் கீழ், இரவல் கொடுக்காத புத்தகங்களோடு குடியிருக்கிறது.

2004 மார்கழி 26இல் கடல் வந்து போனது. பின்னாலேயே ஆலோசகர்கள் வந்தார்கள். கரையிலிருந்து எவ்வளவு தூரத்துக்கு வீடு கட்டக்கூடாது என்று 2005இல் அரசாங்கம் எல்லை போட்டது: தெற்கில் 100 மீற்றர், வடக்கு கிழக்கில் 200. எங்கள் பக்கத்து அலைக்குக் கால் இரண்டு மடங்கு நீளம் என்று யாரிடம் உசாவினார்களோ! எல்லை போட்டு முடிந்த பிறகுதான் எங்களைக் 'கலந்தாலோசனை'க்கு அழைத்தார்கள். பிளாஸ்ரிக் கதிரை, ரோல்ஸ், பிளேன்ரீ. வாசலிலேயே வரவுத்தாளில் கையெழுத்து. ஆலோசகர் திரையில் படம் காட்டி முடித்து, "உங்கள் கருத்துகள்?" என்றார். பெரியப்பு எழும்பி, வழக்கப்படி வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார். அதற்குள் நன்றியுரை தொடங்கிவிட்டது. கையெழுத்து இருந்தபடியால் அவரும் கலந்தாலோசிக்கப்பட்டவரே.

உண்மையாகவே காது கொடுத்துக் கேட்டவர்களும் இருந்தார்கள், மறுக்கவில்லை. 2016இல் மனோரி முத்தெட்டுவேகம தலைமையிலான செயலணி, நல்லிணக்கத்துக்கு என்ன செய்யலாம் என்று நாடெங்கும் சனத்திடம் கேட்டது. காணாமல் போனவர்களின் தாய்மார் அழுதழுது சொன்னார்கள். 2017 தை 3ஆம் திகதி அறிக்கை தயார். கேட்டுவரச் சொன்ன பிரதமரும் வரவில்லை, ஜனாதிபதியும் வரவில்லை. முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா வாங்கிக்கொண்டார்.

"அப்ப அவவிட்டையே நேர போய்ச் சொல்லியிருக்கலாமே," என்றாள் பக்கத்து வீட்டு மாமி.