கோம்பை மாமா

ஸ்ரீரங்கத்தில் விடிவதற்கு முன் நடமாடுகிறவர்கள் மூன்று வகை. விஸ்வரூப தரிசனத்துக்குப் போகிறவர்கள், அம்மாமண்டபத்துக்குக் குளிக்கப் போகிறவர்கள், சர்க்கரைக்காக டாக்டர் சொல்லி நடக்கிறவர்கள். சில வருஷங்களாக நான்காவதாக ஒரு வகை சேர்ந்திருக்கிறது. இவர்கள் நடப்பதில்லை, இழுபடுகிறார்கள். முன்னால் ஒரு நாட்டு நாய், நடுவில் விறைத்த கயிறு, பின்னால் சாய்ந்த வாக்கில் பணி ஓய்வு பெற்ற ஒரு பெரிய மனிதர். தேர் வடம் பார்த்துப் பழகிய ஊர் என்பதால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. ஒதுங்கி வழி விடுகிறார்கள்.

இந்த ரகத்தை நாய் வாங்குவதற்கு முன்பே அடையாளம் கண்டுவிடலாம். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூட்டம் கூடியதே, பெரும்பாலானவர்களுக்கு அங்கிருந்து தொற்றியது. முதலில் வீட்டில் வெள்ளைச் சர்க்கரை நின்று நாட்டுச் சர்க்கரை வரும். அப்புறம் மரச்செக்கு எண்ணெய். அப்புறம் மாப்பிள்ளைச் சம்பா. அது வேகும்வரை குடும்பம் பட்டினி. சமையலறையில் இனிச் சீர்திருத்த ஒன்றும் பாக்கியில்லை என்று ஆனதும் பார்வை வாசல் பக்கம் திரும்பும். அங்கே ஒரு நாட்டு நாய் இல்லாத குறை அப்போதுதான் தெரியவரும்.

எங்கள் அடையவளஞ்சான் தெருக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் இருப்பவர் இந்த ரகத்துக்கு உத்தமமான உதாரணம். நான் முதல் மாடி. அதாவது, நாய்க்கு நேர் கீழே. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. கேஸ் புத்தகத்தில் மட்டும் புழங்குகிறது. தெருவுக்கு அவர் கோம்பை மாமா. பெல் தொழிற்சாலையில் முப்பத்துச் சொச்சம் வருஷம் கொதிகலன்களோடு வாழ்ந்தவர். பையன் டாலஸில். கீழே ஆயிரம் பேருக்கு வேலை சொல்லிவிட்டு, ஒரு மாதக் கடைசியில் மாலையும் வெள்ளித் தட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவருக்கு, வேலை சொல்ல மாமியைத் தவிர யாரும் இல்லை. மாமி கேட்பதாக இல்லை.

நாட்டு நாய்களைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் காப்பி ஆறிவிடும். "2005-இல் தபால்துறை நாலு இந்திய நாய்களுக்கு ஸ்டாம்ப் போட்டா, தெரியுமோ? அதுல ராஜபாளையம் ஒண்ணு. முதோல், ராம்பூர், இமாலய மேய்ப்பு நாய் மத்த மூணு. கோம்பையை விட்டுட்டா!" தனக்கே பதவி உயர்வு மறுக்கப்பட்டதைப்போல் ஒரு பெருமூச்சு வரும். 2020 ஆகஸ்டு 30 அன்று பிரதமர் வானொலியில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று வரிசையாகப் பெயர் சொன்னபோது அந்த மனக்குறை ஓரளவு தீர்ந்தது. தியடோர் பாஸ்கரன் இந்திய நாய்களைப் பற்றி எழுதிய புத்தகத்தை மேஜைமேல் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்திருக்கிறார். இரவல் கேட்டால் தரமாட்டார். கேட்காவிட்டால் படித்துக் காட்டுவார்.

இந்தக் கூட்டத்துக்குள் ஜாதி பேதம் உண்டு, நாய்களிடத்தில் அல்ல. திருவானைக்காவலில் ஒரு ராஜபாளையக்காரர். பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு. "ராஜ பரம்பரை சார், நூறு தடவை கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காது, அவ்வளவு கம்பீரம்" என்று வருஷக்கணக்கில் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார். தடுப்பூசிக்குக் கொண்டுபோன இடத்தில் கால்நடை டாக்டர் அதன் தலைக்குப் பின்னால் நின்று கை தட்டிப் பார்த்துவிட்டு, காது கேட்காது என்று சொல்லிவிட்டார். அந்த வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு அதிகம். ராஜபாளையக்காரர் மனம் தளரவில்லை. "கேட்டிருந்தாலும் திரும்பியிருக்காது" என்கிறார். உறையூரில் ஒரு சிப்பிப்பாறைக்காரர். அவரிடம் இருப்பது கறுப்பு. 2018-இல் 'பரியேறும் பெருமாள்' வந்ததிலிருந்து அதற்குக் கருப்பி என்று பெயர். அதற்கு முன்னால் அதன் பெயர் டாமி என்பதை அவர் முன்னால் யாரும் சொல்லக்கூடாது. மூவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் கொள்ளிடக் கரையில் சந்திப்பார்கள். அங்கே நாய்கள் ஒன்றோடொன்று சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

நம் மாமா கோம்பை வாங்கிய கதைக்கு வருகிறேன். செம்பழுப்பு உடம்பு, கறுத்த முகவாய், காட்டுப்பன்றியையே மறிக்கிற தாடை என்று படித்ததிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. அந்த இனத்துக்குப் பெயர் கொடுத்த கோம்பை தேனி மாவட்டத்தில், உத்தமபாளையம் பக்கம். ஆனால் யாரோ ஒரு புண்ணியவான், "கோம்பைதானே? நம்ம பச்சைமலையிலயே இருக்கே, துறையூர் தாண்டினா வந்துடும்" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது பொய்யில்லை. பச்சைமலையில் தென்புறநாடு, வண்ணாடு, கோம்பை என்று மலைநாடுகள் உண்டு. அந்தக் கோம்பைக்கும் நாய்க்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை, மாமாவும் கேட்கவில்லை. தெரிந்த விஷயத்தில் கேள்வி கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

டோல்கேட், மண்ணச்சநல்லூர், துறையூர், உப்பிலியபுரம், சோபனபுரம் என்று கார் போய், கொண்டை ஊசி வளைவுகளில் மாமி இரண்டு தடவை எலுமிச்சம்பழம் முகர்ந்து, டாப் செங்காட்டுப்பட்டி டீக்கடையில் நின்று விசாரித்து, ஒருவழியாகக் கோம்பைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சரிவு முழுக்க மரவள்ளி. அதற்குக் காட்டுப்பன்றிக் காவலாக ஒவ்வொரு கொட்டாயிலும் ஒரு நாய், எல்லா நிறத்திலும். ஒரு விவசாயி, குட்டிகளில் எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். காசு கொடுத்தபோது கூச்சப்பட்டார். நாய்க்கு விலை கேட்டு அவரிடம் யாரும் வந்ததில்லை.

இனம் பற்றிப் பிற்பாடு ராஜபாளையக்காரர் லேசாகச் சந்தேகம் எழுப்பினார். மாமாவின் பதில் தர்க்கத்தில் ஓட்டையே இல்லாதது: "கோம்பையில வாங்கினது. அப்போ கோம்பைதானே?"

நாய்க்கு வந்தியத்தேவன் என்று பெயர். இது தவறு என்பது என் அபிப்பிராயம். நாய்க்கு இரண்டெழுத்துக்குமேல் பெயர் ஆகாது. "வந்தியத்தேவா!" என்று மாமா கூப்பிட்டு முடிப்பதற்குள் அது மூலத்தோப்புப் பக்கம் போயிருக்கும். கதையிலும் வந்தியத்தேவன் சொன்ன இடத்துக்கு நேராகப் போனவன் இல்லை என்று அவருக்கு ஒரு சமாதானம். முதலில் யூடியூப் பார்த்து 'சிட்', 'ஸ்டே' என்று இங்கிலீஷில் முயன்றார். நாட்டு நாய்க்கு அந்நிய மொழி புரியாது என்று ஞானோதயம் வந்து 'அமர்', 'நில்' என்று செந்தமிழுக்கு மாறினார். வந்தியத்தேவன் தலையைச் சாய்த்துப் பொறுமையாகக் கேட்டுக்கொள்வான். பிறகு எதிர்த் திசையில் போவான். பணியவில்லை என்பது வெளியாட்கள் பார்வை. "யோசிக்கறது, ஓய்! சொன்னதைச் செய்யறதுக்கு அதென்ன அல்சேஷனா?" என்பது மாமாவின் பார்வை. இந்த ரகத்தாரிடம் இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பையன் சொன்ன பேச்சு கேட்காவிட்டால் திமிர். நாய் கேட்காவிட்டால் சுயமரியாதை.

பிரச்னை ராத்திரியில்தான். வந்தியத்தேவனின் தாயும் பாட்டியும் பரம்பரையாக ராத்திரி வேலை பார்த்தவர்கள். இருட்டியதும் காதை விறைத்துக்கொண்டு சரிவைப் பார்த்து உட்கார்ந்து, பன்றி வாசனை வந்தால் ஊரையே எழுப்புவது உத்தியோகம். அடையவளஞ்சான் தெருவில் பன்றி இல்லை. அதற்காக வேலையை விட்டுவிட முடியுமா? கிடைத்ததை வைத்துக்கொண்டான். லிஃப்ட் சத்தம், வடக்கு வாசல் பக்கம் போகிற ஆட்டோ, மூன்றரை மணிக்குப் பால் வண்டி, யார் வீட்டிலோ இருமுகிற தாத்தா, எல்லாம் பன்றிக் கணக்கில் சேர்ந்தன. மாமா தொழிற்சாலைப் பழக்கத்தில் ஒரு லாக் புத்தகம் போட்டு, முதல் ஷிஃப்ட், இரண்டாவது ஷிஃப்ட், நைட் ஷிஃப்ட் என்று நாயின் நடவடிக்கைகளைப் பதிந்துவந்தார். பகல் ஷிஃப்டுகளில் சோபாவின் கை, துளசித் தொட்டி, கரண்ட் பில், டாலஸிலிருந்து வந்த ஷூவில் இடது கால். நைட் ஷிஃப்டில் ஒரே பதிவு: 'தொடர்ந்து'.

மாமி பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒரு நாள் கேட்டாள்: "ஏன்னா, பெருமாளே படுத்துண்டு தூங்கற ஊர் இது. இது மட்டும் ஏன் கண்ணை மூடமாட்டேங்கறது?"

இதே ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த சுஜாதா, கதையில் ஒரு நாய் வேண்டியிருந்தபோது ஜீனோ என்று இயந்திர நாயாகப் படைத்தார். ஊர்க்காரர்களின் தாங்கும் சக்தி அவருக்குத் தெரிந்திருக்கிறது.

களைத்துப்போனால் தூங்கும் என்று யாரோ சொல்ல, மாமா நடக்க ஆரம்பித்தார். பஞ்சக்கரை சாலை, கொள்ளிடம் மணல், மேலூர் வரை, வேறொரு நாள் முக்கொம்புத் திசையில். மாமாவுக்கு இடுப்புச் சுற்றளவு குறைந்தது, சர்க்கரை இறங்கியது. நாய் மட்டும் களைக்கவில்லை; தினம் இவ்வளவு தூரம் நடக்கப் பயிற்சி கொடுத்தால் எந்த நாய் களைக்கும்? நடையின் நடுவில் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய் இரண்டு அவித்த முட்டை வாங்கி அதற்குப் போடுவதும் உண்டு. மாமி மடி பார்க்கிறவள். நாய்க்கும் வீட்டில் தயிர்சாதம்தான். முட்டை விஷயம் மாமிக்குத் தெரியாது என்று உலகத்தில் நம்புகிறவர் ஒருவர்தான்.

இங்கே ஒரு நியாயத்தைச் சொல்லவேண்டும். சிப்பிப்பாறையும் கன்னியும் கரிசல் வெளியில் முயலைக் கண்ணால் பார்த்துத் துரத்துவதற்காகவே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்க்கப்பட்டவை. கோம்பைக்குப் பன்றியும் காவலும். 1972-இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டைக்குக் கடிவாளம் போட்டது. சட்டம் சரிதான், முயலுக்கும் குடும்பம் உண்டு. ஆனால் அந்தக் கால்களும் அந்த மூக்கும் அரசாணையைப் படிப்பதில்லை. அவற்றை வாங்கிக்கொண்டு வந்து இரண்டு படுக்கையறை வீட்டில் பூட்டி, வாட்சப்பில் போட்டோ போடுவதற்கு மட்டும் வெளியே எடுக்கிறவர்கள், சோபா போனதைப் பற்றிப் புகார் சொல்லக்கூடாது.

போன தையில் மாமா வந்தியத்தேவனைப் பச்சைமலைக்கே கூட்டிப்போனார். திருப்பிக் கொடுத்துவிட்டு வரப்போகிறார் என்று நாங்கள் ரகசியமாக நம்பினோம். அன்று ராத்திரி அந்த விவசாயியின் மரவள்ளித் தோட்டத்தில் அதை அவிழ்த்து விட்டார்களாம். விடியவிடிய தாயோடு சேர்ந்து சரிவில் ஓடி, இரண்டு பன்றிக் கூட்டத்தைத் திருப்பிவிட்டு, காலையில் கொட்டாய் நிழலில் விழுந்தது சாயங்காலம்தான் எழுந்ததாம். பக்கத்துக் கயிற்றுக் கட்டிலில் மாமாவும்.

"நாய்க்கு ஒண்ணும் இல்லீங்க சார். வேலை இல்லாம இருந்திருக்குது, அவ்வளவுதான்" என்றார் விவசாயி. கட்டிலைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கும் அதாங்க" என்று சேர்த்துக்கொண்டார். இதை மாமா என்னிடம் சொல்லவில்லை. மாமி சொன்னாள், சந்தோஷமாக.

திரும்பி வந்ததும் நாய்க்கு வேலை தேடும் படலம் ஆரம்பித்தது. நியூஸ் பேப்பர் எடுத்துவரச் சொன்னார். எடுத்துப் போயிற்று, வரவில்லை. கடைசியில் வேலை கொடுத்தவள் மாமிதான். மாசியில் வெயில் ஏற, மொட்டை மாடியில் வேட்டியை விரித்து வடாம் பிழிந்தாள். வழக்கமாக அதில் பாதி காக்காய்க்கு, கால்வாசி குரங்குக்கு. கறுப்புக்குடை விரித்துவைத்துப் பார்த்தும் கால்வாசிக்குமேல் மிஞ்சாத வடாம் அது. அன்று நாய் பின்னாலேயே ஏறி வந்து, வேட்டியின் நாலு மூலையையும் முகர்ந்தது. நடுவில் காலை வைக்காமல் ஓரமாக உட்கார்ந்து, காதை விறைத்துக்கொண்டது. முதல் காக்காய் கைப்பிடிச் சுவரில் கால் வைக்கவில்லை. அம்மாமண்டபம் பக்கத்திலிருந்து வந்த குரங்குப் பரிவாரம் எதிர் வீட்டு மாடியிலேயே நின்று ஆலோசித்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. சாயங்காலம் வடாம் முழுசாகக் காய்ந்திருந்தது. வந்தியத்தேவன் ராத்திரி எட்டு மணிக்குப் படுத்தான். நான் எட்டரைக்கு.

இப்போது கோடையில் எங்கள் தெருவில் அவனுக்கு முன்பதிவு. திங்கள் எதிர் வீட்டு அரிசி வடாம், செவ்வாய் மூன்றாம் வீட்டு வத்தல், புதன் யாரோ ஒருவருடைய மோர்மிளகாய். மாமா லாக் புத்தகத்தில் முறை போட்டு, காலை ஏழு மணிக்குக் கூட்டிக்கொண்டு போய் விடுகிறார். தானும் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கிறார். கூலி ஒரு உருண்டை தயிர்சாதம், மாமாவுக்குக் காப்பி. மாமி இதையெல்லாம் பெரிதாகக் காட்டிக்கொள்வதில்லை. ஆனால் "சனியன்" என்ற பெயர் போய், "எங்காத்துப் பிள்ளை" என்று ஆகியிருக்கிறது. டாலஸ் பிள்ளைக்கு இது தெரியாது.

சிக்கல் ஐப்பசியில்தான். மழை பிடித்துக்கொண்டால் வடாம் கிடையாது. நாய்க்கு லே-ஆஃப். கார்த்திகை முடியும்வரை நான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுக்கிறேன்.

நாட்டு நாய் வாங்க உத்தேசித்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. தாராளமாக வாங்குங்கள், நல்ல ஜீவன். வாங்கும் முன் அதற்கு வேலை போட்டுக் கொடுக்க உங்களிடம் தோட்டமோ, தோப்போ, குறைந்தபட்சம் வடாம் பிழிகிற மாமியோ இருக்கிறாரா என்று பாருங்கள். வாங்குகிற எண்ணம் இல்லாதவர்கள், விடியற்காலையில் கொள்ளிடக் கரையில் கயிற்றின் பின்னால் வருகிற பெரியவர் யாரையாவது பார்த்தால் கும்பிட்டுவிட்டுப் போய்விடுங்கள். "என்ன ஜாதி நாய் சார்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். வெயில் ஏறிவிடும்.