முதுகை அளந்து பை வாங்கு

கேள்வி: மலையேற்றத்துக்குப் பை வாங்கப் போனால், கடைக்காரர் ‘எத்தனை லிட்டர்?’ என்கிறார். பையா, தண்ணீர்க் குடமா?

பதில்: லிட்டர் என்பது பையின் கொள்ளளவு. ஒருநாள் நடைக்கு 20 முதல் 30 தாராளம். இரண்டு மூன்று இரவு கூடாரத்தில் தங்குவதென்றால் 40 முதல் 60. அவர் கேட்க மறந்தது முதுகின் நீளத்தை.

தலையைக் குனிந்தால் பிடரியடியில் ஓர் எலும்பு துருத்தும். அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கு நேராக வரும் இடம் வரை டேப்பால் அளக்க வேண்டும். ஆறடி ஆளுக்கும் முதுகு குட்டையாக இருக்கலாம். உயரத்தை நம்பி வாங்கினால் தோள்தான் வட்டி கட்டும்.

காலிப் பையை மாட்டிக் கண்ணாடி பார்ப்பது வீண். ஏழெட்டுக் கிலோ ஏற்றி, முதலில் இடுப்புப் பட்டையை இறுக்க வேண்டும், தோள்வார் அப்புறம். பாரத்தின் பெரும்பங்கு இடுப்பில் உட்கார்ந்தால் அதுதான் சரியான பை.

‘எம்மா கேட்வுட்டுக்கு ஏது இடுப்புப் பட்டை?’ என்று யாராவது மடக்கலாம். 1955-ல், 67 வயதில், அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதையை, 3,000 கிலோமீட்டருக்கும் மேல், தானே தைத்த துணிப்பையை ஒற்றைத் தோளில் போட்டபடி நடந்து முடித்தவர் அவர். உண்மைதான். ஆனால் பாட்டியின் பையில் கூடாரமே கிடையாது. மழைக்கு ஒரு குளியலறைத் திரைதான்.