சாராயப் போத்தலில் முதிரும் தேத்தண்ணி: ஓர் ஆய்வு

மான்செஸ்டரின் ஜே. டபிள்யூ. லீஸ் பியர் ஆலை 1986இல் 'ஹார்வெஸ்ட் ஏல்' என்ற பியரை வெளியிட்டது. வீரியம் 11.5 சதவீதம். அதில் ஒரு பங்கை லகாவுலின் விஸ்கியும் கல்வடோஸ் பிராந்தியும் இருந்த பழைய பீப்பாய்களில் ஊறவைத்தும் விற்றார்கள். பீப்பாயில் முன்பு குடியிருந்த மதுவின் வாசம் பியரில் ஏறும் என்பது கொள்கை. இதே கொள்கை இலங்கையின் ஊவா மலைப்பகுதியில் உள்ள மடுல்சீமைத் தேயிலைத் தோட்டங்களில் எந்த விளம்பரமும் இல்லாமல் புழங்கி வந்திருப்பதை அறிஞர் உலகம் கண்டுகொள்ளவில்லை. தொழிலாளர் லயத்தில் விடிய முன்னம் தேயிலைச் சாயம் ஊற்றி, ஆறவைத்து, கழுவிய சாராயப் போத்தலில் அடைத்து மலைக்குக் கொண்டுபோகிறார்கள். கொழுந்தின் முதல் நிறுவை முடியும்வரை அது தேயிலைச் செடியடியில் கிடக்கிறது. மது இருந்த கலன், அதில் வேறொரு பானம், நடுவே ஒரு காத்திருப்பு, இலக்கணத்தில் குறையில்லை. பிளாஸ்டிக் போத்தல் வந்து இவ்வழக்கத்தைத் தேய்த்து வருவது தனித் துயரம்.

மரம் மதுவைக் குடித்துவைத்து மெல்லக் கக்கும், கண்ணாடிக்கு அந்தக் குணம் ஏது என்று கேட்பார்கள். கண்ணாடிக்கு இல்லைதான். ஆனால் போத்தலுக்கு மூடி உண்டு, மூடிக்குள் ஒரு மெல்லிய வில்லை உண்டு. சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் அந்த வில்லை பழசை விடாது. தவிர, தென்னஞ்சாராயத்தை ஹல்மில்ல மரத் தொட்டிகளில் வருடக்கணக்கில் வைத்திருப்பது இலங்கையின் பழைய முறை. ஆகவே மரமும் இந்த வம்சத்தில் இருக்கிறது, ஒரு தலைமுறை தள்ளி. தொட்டியை எட்டியும் பாராத மலிவுக் கலப்புச் சாராயப் போத்தல்களை இவ்வாய்வு இரண்டாந்தரமாகவே கொள்ளும். அடுத்து வீரியம். 750 மில்லிலீட்டர் போத்தலில் அரை மில்லிலீட்டர் சாராயம் தங்கியதென்றே வைத்துக்கொள்வோம். சாராயம் 33.5 சதவீதம் என்றால் தேத்தண்ணியின் வீரியம் 0.02 சதவீதத்தைச் சற்றே தாண்டும். ஏல் அதைவிட ஐந்நூறு மடங்கு. ஆனால் 'நாங்கள் ருசிக்காகக் குடிக்கிறோம், போதைக்காக அல்ல' என்று சொல்லிக்கொள்கிறவர்கள் ஏல்காரர்களே. அந்தப் பேச்சை நம்பினால் இந்தக் கணக்குச் செல்லாது.

கனமான ஆட்சேபம் தேயிலைக்காரர்களிடமிருந்துதான் வரும். தூள் பக்கத்து வாசத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும் என்பதால், மண்ணெண்ணெயையும் வாசச் சவர்க்காரத்தையும் அதன் அருகில் அண்டவிடமாட்டார்கள். கொழும்பில் 1883 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. அங்கே சாயத்தைச் சத்தமாக உறிஞ்சித் துப்பும் ருசிபார்ப்பவருக்கு வேற்று வாசம் என்றால் குறைதான். ஆக, பியருக்குப் பெருமை சேர்ப்பது தேத்தண்ணிக்குக் களங்கமாகிவிடுகிறது. இதற்குப் பதில் ஊவாவிலேயே இருக்கிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும்போது இங்கத்திய கொழுந்தில் ஒரு தைலவாசம் ஏறும். கைகால் வலிக்குப் பூசும் விண்டர்கிரீன் தைலத்தில் இருக்கும் மெத்தில் சாலிசிலேட்தான் காரணம். தைலப் புட்டி உடைந்து தூளில் கொட்டியிருந்தால் அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். காற்று கொண்டுவந்ததால் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். வாசம் குறையா நிறையா என்பதை மூக்கு தீர்மானிப்பதில்லை, விலைச்சீட்டு தீர்மானிக்கிறது. மலையில் கிடக்கும் போத்தலுக்கு விலைச்சீட்டு இல்லை. அதன் குற்றம் அவ்வளவே.

எனவே இப்பானத்தை முதிர்வுப் பானங்களின் வரிசையில் சேர்க்கவேண்டும் என்பது இவ்வாய்வின் தீர்ப்பு. மடுல்சீமைப் பக்கம் போகும்போது யாராவது போத்தலை நீட்டினால், முதலில் மூடியை முகர்ந்து பாருங்கள், பிறகு குடியுங்கள். கொழும்பு ருசிபார்ப்பவரைப் போலத் துப்பிவிடாதீர்கள்; நீட்டியவரிடம் பத்து மணிக்கு வேறு தேத்தண்ணி இருக்காது.