மூன்றாம் நாள்

1988இல் சித்தப்பாவின் குடியை நிறுத்துவதற்காக எங்கள் வீட்டுத் திண்ணையில் கூடியவர்கள் பதினோரு பேர். எனக்கு அப்போது வயது 14. வந்தவர்களுக்குக் காபி கொடுத்தது நான்தான். டம்ளர் போதாமல் பக்கத்து வீட்டில் இரண்டு வாங்கிவந்தேன். அதனால் எண்ணிக்கை மறக்கவில்லை.

பெரியப்பா ஆரம்பித்தார். "பொண்ணு பாக்க வர்றவன்லாம் உங்க வீட்டுல ஒரு குடிகாரன் இருக்கானாமேன்னு கேக்குறான்டா. மானம் போவுது." அடுத்து மாமா. அடுத்து பெரிய அத்தை, அழுதுகொண்டே. பிராந்திக் கடையில் எவ்வளவு பாக்கி, சித்தியின் வளையல் எந்த அடகுக்கடையில் இருக்கிறது, எல்லாம் தெருவுக்குக் கேட்கிற குரலில் வெளியே வந்தது. சித்தப்பா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. சித்தி கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார். அவரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களுடைய ஆறு வயதுப் பையன் என் பாவாடையைப் பிடித்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலமே ஐயனார் கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சூடம் அணைத்துச் சத்தியம் வாங்கினார்கள். சித்தப்பா சத்தியத்தைக் காப்பாற்றினார். இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு ஆறாதது அதுதான்.

முதல் நாள் கை நடுங்கியது. இரண்டாம் நாள் சாப்பாடு இறங்கவில்லை. பாய் நனைகிற அளவுக்கு வியர்த்தது. மூன்றாம் நாள் இரவு, உடம்பெல்லாம் எறும்பு ஊர்கிறது என்று தட்டித் தட்டி விட்டார். சுவரில் யாரோ நிற்கிறார்கள் என்றார். காத்துக்கருப்பு என்று முடிவுகட்டி, பூசாரியை வரவழைத்து வேப்பிலை அடித்தார்கள். விடியற்காலையில் அவருடைய கூட்டாளி ஒருவர் கொல்லைப்புறமாக வந்து பிராந்தி கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நடுக்கம் மெல்ல அடங்கி சித்தப்பா தூங்கினார். "பாத்தியா, எல்லாம் நடிப்பு. சாமி முன்னாடி பண்ண சத்தியத்தை நாலு நாள்கூடக் காப்பாத்தல" என்றார் பெரியப்பா. வீடே அதை நம்பியது. சித்தப்பாவும் நம்பினார். சாமி குத்தத்துக்கு ஆளானவன் என்று தன்னைப் பற்றி அவரே சொல்ல ஆரம்பித்தார். நான்கு வருஷத்தில் கல்லீரல் கெட்டு, வயிறு வீங்கி, இறந்துபோனார்.

நீண்ட காலம் அதிகமாகக் குடித்தவரின் மூளை மதுவுக்குத் தகுந்தபடி தன்னை மாற்றி வைத்திருக்கும். ஒரே நாளில் நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். கடைசியாகக் குடித்ததிலிருந்து 48 முதல் 96 மணி நேரத்துக்குள் சிலருக்கு நினைவு தடுமாறும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் பக்கத்தில் இல்லாமல் இப்படிப்பட்டவரைத் திடீரென்று நிறுத்தச் சொல்லக் கூடாது. பதினோரு பேரில் ஒருவருக்கும் இது தெரியவில்லை.

தெரிந்தவர்கள் தூரத்தில் இல்லை. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, 1989இல் மஞ்சக்குடியில் முகாம் நடத்தியது. நோயாளியைச் சென்னைக்கு அலையவிடாமல், கிராமத்திலேயே வைத்து வைத்தியம், குடும்பத்தாருக்கும் ஆலோசனை. அப்போது அந்த ஊரும் எங்கள் தஞ்சாவூர் மாவட்டம்தான். பஸ்ஸில் போய்வரும் தூரம். சித்தப்பா அப்போது உயிரோடுதான் இருந்தார்.

2019இல் சித்தப்பாவின் அந்தப் பையனின் மனைவி எனக்குப் போன் செய்தாள். "அண்ணி, நீங்கள்லாம் வந்து உக்காந்து அவருகிட்டப் பேசணும்." தம்பி வயரிங் வேலை பார்ப்பவன். டாஸ்மாக் கடை திறக்கிற நேரத்தை வைத்துத்தான் அவன் வேலை நேரமே நகர்ந்துகொண்டிருந்தது. சொந்தத்தில் ஒருவர், பணம் கட்டினால் வேனில் ஆள் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்றார். கதவுக்குப் பின்னால் நின்ற சித்தியின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. வேனும் வேண்டாம், கூட்டமும் வேண்டாம் என்று சொல்லி, அவளை மட்டும் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப்போனேன்.

"அவர் வரலேன்னா பரவாயில்லம்மா, நீங்க வந்திருக்கீங்கள்ல" என்றார் ஆலோசகர். அவர் கேட்ட முதல் கேள்வி: "உங்களையோ பிள்ளையையோ அடிக்கிறாரா? அப்படின்னா முதல்ல பத்திரமா எங்க போவீங்கன்னு பேசுவோம்." முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் சித்தியிடம் யாராவது இதைக் கேட்டிருக்க வேண்டும்.

பிறகு தேடிப் படித்தேன். உறவினர்களை ஒன்றுகூட்டி நேருக்கு நேர் சொல்லிப் பார்க்கும் முறையை அமெரிக்காவில் வெர்னான் ஜான்சன் என்ற பாதிரியார் வகுத்திருக்கிறார். அவருடைய புத்தகம் 1973இல் வந்தது. எங்கள் திண்ணையைப் போல் வசை கிடையாது. அவரவர் மனதில் இருப்பதை முன்கூட்டியே எழுதிவைத்து அக்கறையோடு வாசிப்பார்கள். ராபர்ட் மேயர்ஸ் என்பவர் நியூ மெக்சிகோவில் உருவாக்கியது வேறு வழி. அதில் கூட்டமே இல்லை. வீட்டில் இருப்பவருக்குத்தான் பயிற்சி. 1999இல் வெளியான ஆய்வில், சிகிச்சைக்கு வர மறுத்தவர்களின் உறவினர் 130 பேரை மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். மேயர்ஸ் வழியில் 64 சதவீதம் பேரின் வீட்டிலிருந்து குடிப்பவர் சிகிச்சைக்கு வந்தார். ஜான்சன் வழியில் 30. குடும்பத்தாரை அல்-அனான் கூட்டங்களுக்கு ஆற்றுப்படுத்திய வழியில் 13. அல்-அனானின் நோக்கம் குடும்பத்தாரைத் தேற்றுவதே என்பதால் அதைக் குறை சொல்ல முடியாது. ஜான்சன் வழியில் ஒன்று என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது: அதில் சேர்ந்த பெரும்பாலான குடும்பங்கள் அந்த நேருக்கு நேர் கூட்டத்தை நடத்தவே இல்லை. அன்புக்குரியவரை நடுவில் நிறுத்திப் பேச அவர்களுக்கு மனம் வரவில்லை போலும். எங்கள் வீட்டில் பதினோரு பேருக்கும் வந்தது.

தம்பியின் மனைவி ஆலோசகரிடம் கற்றுக்கொண்டவை சின்னச் சின்ன விஷயங்கள்தான். ஆனால் செய்வதற்கு மலையளவு. போதையில் இருக்கும்போது பேச்சே கூடாது. வேலை கொடுத்தவரிடம் "அவருக்குக் காய்ச்சல்" என்று பொய் சொல்லக் கூடாது. குடிக்காமல் வருகிற இரவில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும், பழைய கணக்கை எடுக்காமல். சாப்பாட்டில் மருந்து கலந்து கொடுக்கலாமா என்று கேட்டாள். பலரும் ரகசியமாகச் செய்கிற காரியம். மருந்து உள்ளே போனது தெரியாமல் அவன் குடித்தால் உயிரே போகலாம் என்று ஆலோசகர் கண்டிப்பாகத் தடுத்தார்.

பேச வேண்டியதைத் தன் பையனின் பழைய நோட்டில் நான்கு வரியாக எழுதி, ஆலோசகர் முன்னால் சொல்லிப் பழகினாள். "நேத்து குடிக்காம வந்து பையனோட சாப்பிட்டீங்க. எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. உங்க உடம்ப நெனச்சா பயமா இருக்கு. டாக்டரப் பாக்கலாம், நானும் கூட வர்றேன்." முதல் தடவை சொன்னபோது தம்பி எழுந்து போய்விட்டான். அடுத்த மாதம் "பாக்கலாம்" என்றான். மூன்றாம் தடவை வாய்த்தது அவளே தேர்ந்தெடுத்த வேளை அல்ல. பையனின் ரேங்க் கார்டில் காலையில் கையெழுத்துப் போட முடியாமல் தம்பியின் விரல்கள் ஆடின. மூன்று முறை பேனாவை வைத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டிருக்கிறான். அவள் அந்த நான்கு வரியைச் சொன்னாள். துணிப்பை இரண்டு மாதமாகப் பரண்மேல் தயாராக இருந்தது. எந்த வார்டு, யாரைப் பார்க்க வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். சாயங்காலம்வரை விட்டிருந்தால் மனசு மாறியிருக்கும். பதினோரு மணிக்கு அட்மிஷன் ஆகிவிட்டது.

அதன்பிறகு இரண்டு முறை சறுக்கினான். இரண்டு முறையும் அவனாகவே ஆஸ்பத்திரிக்குப் போனான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போகிறான். தன்னைக் குடிநோயாளி என்று சொல்லிக்கொள்கிறான். சித்தப்பாவுக்கு நாங்கள் கொடுத்த பெயர் குடிகாரன்.

முதல் அட்மிஷனின் மூன்றாம் நாள் இரவு மனைவியின் போனிலிருந்து என்னை அழைத்தான். நடுக்கத்தை அடக்க மாத்திரை, பி1 வைட்டமின் ஊசி எல்லாம் போய்க்கொண்டிருந்தன. குரல் தெளிவாகத்தான் இருந்தது.

"அக்கா, இங்க நர்ஸம்மா சொன்னாங்க. மருந்தில்லாம நிறுத்தினா மூணாம் நாள் சில பேருக்கு எறும்பு ஊர்ற மாதிரி இருக்குமாம். சுவத்துல ஆள் தெரியுமாம்."

"ஆமாண்டா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அப்போ அப்பா நடிக்கலதானே?"

"நடிக்கலடா. மூணு நாள் முழுசாக் காப்பாத்தினார்."