வெம்மை தணித்த படலம்: போடி வட்டாரத்துப் புராசசர்களை முன்வைத்து ஓர் ஆய்வு

மேசைக் கணிப்பொறியின் புராசசர் சூடேறி, வேலை நடுவில் தானே அணைந்துபோகும் நிகழ்வை இக்கட்டுரை ஆராய்கிறது. ஆய்வின் எல்லை கிழக்கே போடிநாயக்கனூர், மேற்கே போடிமெட்டு. மடிக்கணினி விலக்கப்பட்டது, சூடேறினால் வைத்திருப்பவர் தொடைக்கே தெரிந்துவிடும், ஆய்வாளருக்கு அங்கு வேலையில்லை. கைபேசியும் விலக்கப்பட்டது. காரணம் கேட்கலாகாது.

அஃதேல், ஊர்கள் பல இருக்கப் போடியை எடுத்துக்கொண்டது என்னை? சூட்டைக் காசு கொடுத்து வாங்கும் ஊர் ஆகலின். ஏலமலைத் தோட்டங்களில் பறிக்கும் பச்சைக் காயில் 80 விழுக்காடு வரை ஈரம். அதை ஸ்டோர் எனப்படும் உலர்கூடத்தில் ஏற்றி, 45 முதல் 55 டிகிரிச் சூட்டில் ஒரு நாள் போலக் காயவைத்து, ஈரத்தைப் பத்துப் பன்னிரண்டு விழுக்காட்டுக்கு இறக்கினால்தான் அது சந்தைக்குரிய ஏலக்காய். சூடு கூடினால் காய் வெடிக்கும், பச்சை வெளுக்கும், விலை விழும். குறைந்தால் பூசணம். இந்தப் பத்து டிகிரி இடைவெளிக்குள் பிழைப்பு நடத்துகிற மக்கள், மண்டி மேசைக்கடியில் ஒரு கருப்புப் பெட்டி அணையும்போது கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள். இம்முரண் பற்றி நமக்கு முன் எவரும் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை; ஆராயாமைக்குத் தக்க காரணம் இருக்கக்கூடும்.

வரலாற்றைச் சுருக்கமாக முடித்துக்கொள்வோம். 1993-இல் வந்த முதல் பெண்டியம் 15 வாட் அளவில் சுட்டது; அப்போதே அது பெரிய சூடு என்றார்கள். 2004-இல் பெண்டியம் 4 வரிசையின் பிரெஸ்காட் 115 வாட்டைத் தொட்டது. அதே ஆண்டு மே மாதம், அடுத்து வரவேண்டிய தேஜாஸ் என்ற சில்லை இன்டெல் கைவிட்டது. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும் பாதை சூட்டில் முட்டி நின்றது. 2022-இல் வந்த 13ஆம் தலைமுறை ஐ9 உச்ச வேகத்தில் 253 வாட் வரை இழுக்கும். நம் அலுவலக மேசைகளில் பொதுவாகக் காண்பது 65 வாட் வகை. கணக்கு எழுதவும் பில் போடவும் அதுவே அதிகம்.

இனி, இவ்வட்டாரத்தில் வழங்கும் கொள்கைகள்.

முதலாவது திறந்த மூடிக் கொள்கை. "அண்ணே, சிஸ்டம் தன்னால அணைஞ்சிருது" என்று போனால், "பக்கத்து மூடியக் கழட்டிட்டு டேபிள் ஃபேனத் திருப்பி வைங்கண்ணே, சரியாப் போகும்" என்று பதில் வரும். சரியாகவும் போகும், சில நாளைக்கு. பிறகு நடப்பதை இக்கொள்கையினர் கணக்கில் எடுப்பதில்லை. உலர்ந்த காயைத் தேய்த்துக் காம்பும் காய்ந்த பூமுனையும் நீக்குகிற இடத்தில், அந்தத் துகள் காற்றோடு சுற்றிக்கொண்டிருக்கும். ஆடி மாதம் கணவாய் வழியே இறங்கும் மேல்காற்று தெருப் புழுதியையும் உடன் கூட்டிவரும். திறந்த பெட்டிக்குள் இரண்டும் குடியேறும். அப்படியொரு மண்டிக் கணிப்பொறியில் புராசசர் மேலுள்ள ஃபேனைக் கழற்றிப் பார்த்தோம். அடியில் ஹீட்சிங்கின் அலுமினியத் தகடுகளே தெரியவில்லை. சாம்பலும் வெளிர்பச்சையும் கலந்த ஒரு படலம் இடுக்குகளை மூடியிருந்தது. நகத்தால் ஓரத்தைக் கிளப்பினால் கம்பளித் துண்டாக முழுசாக உரிந்து வந்தது. பாயசத்தில் போடலாம் போல மணந்தது. அதற்கு மேல் ஃபேன் உயிரை விட்டுச் சுற்றிக்கொண்டிருந்தது. காற்றுதான் கீழே இறங்கவில்லை.

இரண்டாவது ஜீப் கொள்கை. விடியலில் தோட்ட வேலைக்கு ஆளேற்றிக்கொண்டு போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிற ஓட்டுநர்கள் இதன் ஆசிரியர்கள். வண்டி கொதித்தால் ஓரங்கட்டு, பானெட்டைத் திற, பொறுத்திருந்து தண்ணீர் ஊற்று என்பது நூற்பா. கணிப்பொறிக்கும் இது பொருந்துமென்று ஒருவர் சாதித்தபோது நகைக்கத் தோன்றியது. ஆனால் நீர் ஓடும் குளிர்விப்பான்கள் கடையில் விற்கின்றன; உள்ளே பம்பும் ரேடியேட்டரும்கூட உண்டு. ஆகவே கொள்கையில் பிழையில்லை. அவர் கையில் இருந்தது பெப்சி பாட்டிலில் குழாய்த் தண்ணீர் என்பதே ஆட்சேபம்.

மூன்றாவது பூசைக் கொள்கை. ஆயுத பூசையன்று பெட்டியைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இடுவது. காற்றுத் துளைகள் வரிசையாக இருப்பதால் பொட்டு வைக்கத் தோதான இடம் அதுவே. ஆண்டுக்கு ஒரு வரிசை அடைபடும். ஆயினும் நடுநிலையோடு பார்த்தால், பல பெட்டிகள் ஆண்டில் ஒரு முறை துணியைக் காண்பது சரஸ்வதி புண்ணியத்தில்தான். இக்கொள்கையின் தீவிரப் பிரிவு ஒன்று உண்டு: தெர்மல் பேஸ்ட் கிடைக்காத நாளில் சந்தனத்தையே உள்ளே பூசினால் என்ன என்று கேட்பது. குளிர்ச்சிதானே? கேட்டவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. பற்பசையை இப்படிப் பூசிப் பார்த்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். ஈரம் இருக்கும் வரை அது வேலை செய்யும். காய்ந்து பொடியானதும் முன்னைவிட மோசம். சந்தனத்துக்கும் அதே கதி. ஈரமாக மதர்போர்டில் வழிந்தால் கதியே வேறு.

மூன்று கொள்கைகளும் ஒன்றில் உடன்படுகின்றன: குளிர்ச்சியை உள்ளே கொண்டுவர வேண்டும். இக்கட்டுரையின் கருதுகோள் இதற்கு எதிரானது. குறைவது குளிர்ச்சியன்று, வழி. விரல்நகம் அளவுள்ள சில்லில் பிறக்கிற வெப்பம், அதன் மேல்மூடிக்கு வந்து, அங்கிருந்து ஹீட்சிங்கின் அடிப்பகுதிக்குத் தாவி, தகடுகளில் பரவி, காற்றில் ஏறி, பெட்டிக்குப் பின்னால் வெளியேற வேண்டும். இவற்றில் ஒரு படி அடைபட்டாலும் போதும். ஸ்டோருக்குள்ளும் அடுப்பை மட்டும் எரித்துவிட்டு ஈரக்காற்று போகிற சன்னலைத் திறக்காவிட்டால் காய் காயாது, அவியும். இது தெரிந்தவர்களே கணிப்பொறிக்கு ஃபேன் மேல் ஃபேன் வைக்கிறார்கள் என்பதுதான் வியப்பு.

படிகளுள் ஆபத்தானது கண்ணுக்குத் தெரியாத தாவல். புராசசரின் முகமும் ஹீட்சிங்கின் முகமும் தொட்டுப் பார்த்தால் வழுவழுப்பானவை. நுணுகிப் பார்த்தால் இரண்டும் மேடுபள்ளம். மேடுகள் மட்டுமே தொடும், பள்ளங்களில் காற்று இருக்கும். செம்பின் வெப்பங்கடத்தும் திறன் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 400 வாட் என்றால் காற்றினுடையது 0.026. பேஸ்ட் சாதாரணமாக 4 முதல் 8 வரை. செம்போடு பார்த்தால் பேஸ்ட் மட்டம்; காற்றோடு பார்த்தால் மகாராஜா. காற்றை வெளியேற்றி இடத்தைப் பிடிப்பது மட்டுமே அதன் பணி. ஆகலின், நிறையப் பூசினால் நிறையக் குளிரும் என்பது பிழை. நான்கைந்து ஆண்டில் அது காய்ந்து சுண்ணாம்புப் பொருக்காகும்.

அடுத்தது ஊக்கு. இன்டெல்லோடு வரும் ஹீட்சிங்கை மதர்போர்டில் பிடித்திருப்பவை நான்கு பிளாஸ்டிக் ஊக்குகள். பெட்டியை நிமிர்த்தி வைத்தால் ஹீட்சிங்கின் கனம் பக்கவாட்டில் தொங்கும். தேனியிலிருந்து ஆட்டோவில் குலுங்கி வருகையில் ஓர் ஊக்கு நழுவும். ஒரு மூலை மயிரிழை தூக்கிக்கொள்ளும். வெளியே ஃபேன் அழகாகச் சுற்றும். உள்ளே சூடு 100 டிகிரியை நெருங்கும். அப்போது புராசசர் முதலில் தன் வேகத்தைக் குறைக்கும். நாம் மென்பொருளைத் திட்டுவோம். மேலும் ஏறினால் தன்னை அணைத்துக்கொள்ளும். நாம் மின்வாரியத்தைத் திட்டுவோம்.

செய்முறை வருமாறு. மின்கம்பியைப் பிடுங்குக. பெட்டியை வாசலுக்குத் தூக்கிச் சென்று புளோயரால் ஊதுக. ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்க, அது தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் போகும். ஊக்குகளை அம்புக்குறிப் பக்கம் கால் சுற்றுத் திருப்பி இழுத்து, ஹீட்சிங்கை மெல்ல அசைத்து எடுக்க. பழைய பேஸ்டை மருந்துக்கடை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைக்க. நடுவில் ஒரு பட்டாணி அளவு புதுப் பேஸ்ட். விரலால் தேய்க்க வேண்டாம், அழுத்தமே பரப்பிக்கொள்ளும். ஊக்குகளை முன்போலத் திருப்பி வைத்து, எதிரெதிர் மூலையாக 'டிக்' என்று கேட்கும் வரை அழுத்துக. ஃபேன் ஒயரை மறவாமல் செருகுக. மூடியைப் பூட்டுக. பேஸ்ட் குழாய் உள்ளூரில் கிடைக்காவிடில் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். 2010 இறுதியில் மீட்டர்கேஜ் நின்றபின் 2023 ஜூன் 15 வரை ரயில் இல்லாதிருந்த ஊருக்கு இப்போது சென்னையிலிருந்து நேரடி வண்டியே வருவதால் இதில் ஆட்சேபத்துக்கு இடமில்லை.

அஃதேல், இத்தனை பாடு எதற்கு, பெட்டியைக் குளிரடிக்கும் போடிமெட்டுக்கே கொண்டுபோய்விட்டால் ஆகாதா எனின், ஆகாது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்குச் சற்றுமேல் குளிரும். ஆனால் காற்றின் அடர்த்தியும் பத்தில் ஒரு பங்கு குறையும். அதே ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் குறைந்த காற்றையே தள்ளும். உத்தேசக் கணக்கில் மிஞ்சுவது இரண்டு மூன்று டிகிரி. அதற்காக 17 வளைவு. அங்கே மூடுபனி வேறு பெட்டிக்குள் வந்து உட்காரும்.

இவ்வாய்வில் தற்செயலாகக் கிடைத்த முடிவு ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். 65 வாட் பெட்டியின் பின்புறம் கையை வைத்தால் இளஞ்சூடாகக் காற்று வருகிறது. வழியைச் சற்று நெருக்கினால் அதை 45, 50 டிகிரிக்குக் கொண்டுவரலாம். அதாவது காய்க்கு உகந்த சூடு. 5 கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் ஏறத்தாழ 1 கிலோ. வெளியேற வேண்டிய நீர் 4 கிலோ. ஒரு கிலோ நீரை அந்தச் சூட்டில் ஆவியாக்க 2,400 கிலோஜூல் என்று வைத்தால் மொத்தம் 9,600 கிலோஜூல். 65 வாட்டால் வகுக்க 41 மணி நேரம். வெப்பம் சிறிதும் வீணாகாதென்றால், 2.7 யூனிட் மின்சாரத்தில் ஒரு கிலோ ஏலக்காய். 2019 ஆகஸ்டில் ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க. இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள், 2024 ஒலிம்பிக்குக்காகப் பாரிஸுக்கு வடக்கே கட்டிய நீச்சல் குளத்து நீர் பக்கத்து டேட்டா சென்டரின் வெப்பத்தில் சூடாகிறது என்பதை அறிக.

ஆனால் 41 மணி நேரமும் புராசசர் முழுமூச்சாக உழைக்க வேண்டும். மண்டிக் கணக்கு அதற்குப் போதாது. பில் அடிக்கும் நேரத்தில் பாதி அது தூங்குகிறது. இவ்வட்டாரத்தில் புராசசரை இரவு முழுக்க வதைக்கும் தொழில் கல்யாண வீடியோ ஒன்றே. ஸ்டுடியோவையும் ஸ்டோரையும் ஒரே கட்டடத்தில் வைக்கலாமா என்று ஆராய்ந்தோம். ஆவணியில் பறிப்பும் முகூர்த்தமும் சேர்ந்து வருகின்றன. ஐப்பசி, கார்த்திகை, தை மாதங்களும் தோது. புரட்டாசியில் சற்று இடறுகிறது. மார்கழியில் மலையிலிருந்து காய் இறங்கும், ஊரில் ஒரு கல்யாணமும் இராது. அந்த ஒரு மாதத்துக்கு ஸ்டோர்க்காரர் விறகு வாங்கித்தான் ஆக வேண்டும்.